பழைய நம்பருக்குப் போன செய்தி

கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் முதலில் ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும் சார். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் காசிமேட்டில் எங்கள் படகுச் சங்கத்துக்குக் கொடுத்த மெஷின் அது. லினக்ஸ். திறந்தால் பென்குயின் படம் வரும். "இன்னா நைனா, வாத்து இன்னா சொல்லுது?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் நான் தட்டுவேன். கடலில் இருக்கும் ஒவ்வொரு போட்டின் செல்லுக்கும் வாத்து செய்தி அனுப்பும். நம்பர்கள் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கும்.

விசாரணைக்கு வந்த உங்கள் நிபுணர் அந்த ஃபைலைப் பார்த்துவிட்டு, நம்பர் சரி, அன்றைக்கு மெஷின்தான் கோளாறு என்று எழுதியிருக்கிறாராம். பாவம் சார், அதன்மேல் பழி போடாதீர்கள்.

தேசப்பனின் போட்டுக்குப் புது செல் வாங்கியபோது ஃபைலில் நம்பரை மாற்றினேன். ஆனால் செய்தி அனுப்பும் புரோகிராம் எழுந்திருக்கும்போது ஒரே தடவைதான் ஃபைலைப் படிக்கும். அப்புறம் நினைவை வைத்தே ஓட்டும். டீக்கடைப் பலகையில் விலையை மாற்றிவிட்டு மாஸ்டரிடம் சொல்லாமல் விட்ட கதைதான். நிறுத்தி, மறுபடி எழுப்பிவிட வேண்டும். மறந்துவிட்டேன். சத்தியமாக மறதிதான். மறுநாள் சோதனைக்கு ஒரு செய்தி விட்டேன். பழைய நம்பருக்கே போயிற்று. புரிந்தது. சரிசெய்யக் கீபோர்டில் கை வைத்தேன்.

அப்போது தேசப்பன் உள்ளே வந்தார். "புது நம்பர் ஏத்திட்டியா? உன் தம்பியாட்டம் தூங்கி வழியாத நைனா."

என் தம்பி வெற்றி, அவர் போட்டிலிருந்து கடலில் விழுந்தவன். போட் டிரைவர் சுயம்பு அண்ணன் கரையில் இருந்த தேசப்பனுக்கு போன் போட்டு, திரும்பித் தேடட்டுமா என்று கெஞ்சியிருக்கிறார். "வலை தண்ணில கீது. அத்த வாரிட்டு அப்பால பாரு" என்றாராம். அப்பால் பார்த்தபோது கடல் மட்டும்தான் இருந்தது. சுயம்பு அண்ணன் எங்கள் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னது இது.

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஃபைலைத் திறந்து காட்டினேன். புது நம்பர் பளிச்சென்று இருந்தது.

"எங்க, ஒருவாட்டி அனுப்பிக் காட்டு."

புரோகிராமை விட்டுவிட்டு, நம்பரை நானே கையால் அடித்து அனுப்பினேன். போட்டில் வைக்க அவர் பையில் கொண்டுவந்திருந்த புது செல் கூவியது. "ஷோக்கா கீது" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

எண்ணூர்ப் பக்கம் வானம் கறுத்த அன்று வாத்து எல்லாருக்கும் செய்தி அனுப்பியது. போட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்பின. தேசப்பன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"நம்ம போட்டுக்குப் போச்சா?"

"எல்லாருக்கும் போயிட்ச்சு மாமா. வந்துகினு இருப்பாங்க. டீ சாப்புடுறீங்களா?"

உட்கார்ந்து குடித்தார். தானே ஒரு போன் போட்டுக் கேட்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. எனக்கே கொஞ்சம் நெகிழ்ந்துவிட்டது.

அவர் போட்டின் பலகைகள்தான் கரை ஒதுங்கின. அதற்கப்புறம் புரோகிராமை நிறுத்தி எழுப்பிவிட்டேன். இப்போது சமர்த்தாகப் புது நம்பருக்கு அனுப்புகிறது. உங்கள் நிபுணர் பார்த்தது அதைத்தான்.

தேசப்பன் இன்று காலையும் துறைமுகத்துக் கருங்கல்மேல் உட்கார்ந்து போட்டின் புது நம்பருக்கு போன் அடித்துக்கொண்டிருந்தார். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. போட்டில் போனவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அன்றும் ஓட்டிப்போனது சுயம்பு அண்ணன்தான். அவர் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வெற்றிக்காக அழுத ஒரே மனிதர் சார் அவர். இப்போது இருந்திருந்தால், நான் செய்தது நியாயம் என்று முதல் ஆளாக அவர்தான் சொல்லியிருப்பார்.