குளிர் அறையின் கைப்பிடி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என் பழக்கம். எங்கள் ஐஸ்கிரீம் கிடங்கிலும் அதைத்தான் வளர்க்கப் பார்த்தேன். வாரா வாரம் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, மேலாளர் என்று பார்க்காமல் என் குறையையும் சொல்லுங்கள் என்பேன். "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்று பல்லைக் காட்டுவார்கள். அந்தச் சிரிப்பின் மேலேயே எனக்குச் சந்தேகம்.

போன வாரம் ஒருவர் வாயைத் திறந்தார். குளிர் அறையைப் பார்த்துக்கொள்பவர். வேலை நேரத்தில் ஸ்வெட்டர் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது என்பதால் எல்லோருக்கும் அவர் ஸ்வெட்டர் அண்ணன்.

"உள்ளேருந்து திறக்கிற கைப்பிடி இறுகிப்போச்சு சார். உள்ள மாட்டினா அவ்வளவுதான். எத்தனை தடவ சொல்லிட்டேன், நீங்க காது கொடுத்தே கேக்கறதில்ல."

நான்தான் முதலில் கைதட்டினேன். மற்றவர்களும் தட்டினார்கள், நான் நிறுத்திய பிறகும். கணக்கு எழுதும் பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ தூபம் போட்டிருக்கிறார்கள் என்று பட்டது. தனித்தனியாக அழைத்து விசாரித்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பேசிவைத்துக்கொள்ளாமல் அது எப்படி வரும், நீங்களே சொல்லுங்கள். அவமானமாக இருந்தது. சோறு இறங்கவில்லை.

நேற்று மதியம் எல்லோருக்கும் அரை நாள் விடுப்புக் கொடுத்தேன். அவரும் கிளம்பிக்கொண்டிருந்தார். ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டியாயிற்று.

"வாங்கண்ணே, அந்தக் கைப்பிடிய ஒரு பார்வை பாத்துடலாம்" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். ஸ்வெட்டரை எடுக்கக் கை நீட்டினார்.

"ரெண்டு நிமிஷ வேலைக்கு அது எதுக்கு?"

சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டதா என்று வாக்குமூலத்துக்காகக் கேட்டீர்கள். இல்லை, நான்தான் சாத்தினேன். கைப்பிடி பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

முதலில் பலமாகத் தட்டினார். பிறகு சார், சார் என்று கூப்பிட்டார். பிறகு மகளைக் கூப்பிட்டார். அப்புறம் விரலால் தட்டுவதுபோல மெதுவாக ஏதோ கேட்டது. நான் எங்கும் போகவில்லை. கதவோரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தபோதுகூட எடுக்கவில்லை.

காது கொடுத்தே கேட்பதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார் அல்லவா. கடைசித் தட்டு வரை கேட்டேன், ஐயா.