பத்து நிமிடத் தாள்கள்

தேநீர் ஆறிவிட்டதற்காக நீங்கள் வருந்த வேண்டாம். பதினாறு ஆண்டுகளாக நான் ஆறிய தேநீரைத்தான் குடித்துவருகிறேன். ஒரு குரங்கின்மேல் கண்ணை வைத்துவிட்டால் பத்து நிமிடத்துக்கு அதை எடுக்கக் கூடாது. குவளை அதுபாட்டுக்குப் பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும்.

எங்கள் வேலை எளியது. கூட்டத்தில் ஒரு குரங்கைத் தேர்ந்துகொண்டு, பத்து நிமிடத்தில் அது எத்தனை முறை தன் உடம்பைச் சொறிந்துகொள்கிறது என்று எண்ணித் தாளில் எழுத வேண்டும். மேல்நிலையில் உள்ளது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், கீழ்நிலையில் உள்ளது முழங்கையைச் சொறியும். பதற்றத்தை அளக்க அதைவிட நேர்மையான அளவுகோலை நான் அறியேன். சொறிந்து நிறுத்திய நகம் மூன்று விநாடிக்குள் மீண்டும் பட்டால் அது அதே சொறிதல்; மூன்று விநாடி கடந்தால்தான் புதியது. இந்த வரையறையை எழுதியவள் நான். இந்த ஆய்வை நடத்தும் பேராசிரியரின் நூலில் அது அடிக்குறிப்பாக இருக்கிறது, என் பெயர் இல்லாமல்.

இன்னொரு விதியும் உண்டு. பார்ப்பவர் தலையிடக் கூடாது. குட்டி கிளையிலிருந்து விழுந்தாலும் எழக் கூடாது, குரல் கொடுக்கக் கூடாது. பார்ப்பவர் அங்கே இல்லாதவர்.

சின்னவள் எட்டு ஆண்டுகளுக்கு முன் வந்தாள். காட்டு முகாமில் பெண்கள் நாங்கள் இருவர்தாம். சமையற்காரர் எங்களைப் பெரியவள், சின்னவள் என்று அழைக்கப்போய் அதுவே நிலைத்துவிட்டது. உட்காருவது முதல் எண்ணுவது வரை அவளுக்கு எல்லாம் நான் கற்றுக்கொடுத்தேன்.

"அக்கா, அந்தக் காதுகிழிஞ்சவ என்னையே மொறைக்கிறா. ஏதோ நான் அவ பங்கைத் தின்ன மாதிரி."

"சிரிக்காத. பல்லைக் காட்டினா மேல பாய்ஞ்சிடுவா."

"அப்ப உங்களுக்குப் பயமே இல்ல. நீங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே."

காதுகிழிந்தவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். இந்தக் குரங்குகளில் தாய் இளைய மகளின் பக்கமே நிற்பாள். ஆகவே இளையவள் வளர்ந்ததும் மூத்தவளுக்கு மேலே போய்விடுவாள். மூத்தவள் பெரும்பாலும் சண்டையிடுவதில்லை. பழமரத்தில் தன் இடத்தை விட்டு இறங்கி, ஒதுங்கி உட்கார்ந்து, சொறிந்துகொள்கிறாள். அதற்கு என்னிடம் முந்நூறு தாள்கள் இருக்கின்றன.

தாம் ஓய்வு பெற்றதும் முகாமின் பொறுப்பு எனக்குத்தான் என்று பேராசிரியர் நான்கு முறை சொல்லியிருக்கிறார். நான்கு தேதிகளையும் குறித்துவைத்திருக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் வந்தவர், சாப்பாட்டு மேசையில் சின்னவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பொறுப்பு அவளுக்கு என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன்னை மாதிரி நாள் முழுக்க உட்கார்ந்து எண்ண வேற யாரும்மா இருக்கா? உன்னைப் போய் நாற்காலியில உட்கார வெச்சா வேலை கெட்டுடும்."

"சரிங்க சார்" என்றேன்.

சின்னவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. எட்டு ஆண்டுகளாக நான் பழக்கிய கண். அன்று அது என் முகத்துக்கு ஏறவில்லை. பேராசிரியர் சொன்ன சொல்லை மறந்தார் என்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அவருக்கு வயதாகிவிட்டது.

என் முழங்கையைப் பற்றி ஏதோ எழுதிக்கொள்கிறீர்கள். அது அட்டை கடித்தது. மழைக்காலத்தில் ஆறுவதற்கு நாளாகும். பஞ்சு வேண்டாம்.

இனி, அந்தக் காலை. ஐம்பதடி உயரத்தில் மரத்தின்மேல் எங்களுக்கு ஒரு பரண் இருக்கிறது. ஏறுகிறவர் இடுப்புப் பட்டை கட்டிக்கொள்வார். கயிற்றை அதனோடு பிணைக்கும் கொக்கி முதுகுப்புறம் வரும். ஏறுகிறவரின் கண்ணுக்குத் தெரியாது. திருகு ஏறாத கொக்கி, எடை விழுந்தால் திறந்துகொள்ளும். ஆகவே கீழே நிற்பவர் கொக்கியின் திருகை முழுக்க ஏற்றிவிட்டு, 'பூட்டியாச்சு' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் எங்களில் யாரும் காலைத் தூக்கியதில்லை. இந்த வழக்கத்தையும் ஏற்படுத்தியவள் நான்தான்.

அன்று திருகு பாதி ஏறியிருந்தது. நான் அதை மறுபக்கம் திருப்பினேன்.

"பூட்டியாச்சாக்கா?"

"பூட்டியாச்சு."

மேலே போய்ச் சேர்வதற்குள் அவளுடைய கால் வழுக்கியது. முந்திய நாள் பெய்த மழையில் மரப்பட்டை ஊறியிருந்தது. மழைக்கு நான் பொறுப்பல்ல.

வேர்களுக்கிடையே மல்லாந்து கிடந்தாள். பேசினாள். "அக்கா, கால் இருக்கிறதே தெரியலக்கா. வயர்லெஸ்ல கூப்பிடுங்க." வயர்லெஸ் என் தோள்பையில் இருந்தது. நான் வழக்கமான தூரத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தை அழுத்தி, தாளை எடுத்தேன். முதல் பத்து நிமிடத்தில் அவளுடைய வலக்கை மூன்று முறை மண்ணைப் பிறாண்டியது. மண்ணைப் பிறாண்டுவது வரையறைக்குள் வராது. ஆகவே சுழியம் என்று எழுதினேன். இரண்டாம் தாளில் என்னை ஆறு முறை அழைத்தாள். மூன்றாவதில் ஒரு முறை. நான்காம் தாளில் எழுத எதுவும் இல்லை. ஆயினும் பத்து நிமிடத்தையும் முடித்தேன். தாளைப் பாதியில் விடுவது என் வழக்கமன்று. அந்த நான்கு தாள்களும் உங்கள் மேசையில் இருக்கின்றன. கையெழுத்து என்னுடையதுதான்.

அவளுடைய அறையில் கிடைத்த குறிப்பேட்டையும் காட்டினீர்கள். குரங்குகளின் பெயர்களுக்குக் கீழே 'அக்கா' என்று ஒரு வரிசை. மூன்று மாதங்களாக, சாப்பாட்டு வேளையில், பத்துப் பத்து நிமிடமாக என்னை எண்ணியிருக்கிறாள். ஒன்பது, பதினான்கு, பதினேழு. கடைசித் தேதியில், அந்தக் காலைக்கு முந்திய நாள், இருபத்திரண்டு. ஓரத்தில் பென்சிலால், 'அக்கா ரொம்ப நொந்துபோயிருக்காங்க. நாளைக்கு சார் வந்ததும் பொறுப்பை அவங்ககிட்டயே கொடுக்கச் சொல்லணும்.'

அந்த ஓரக்குறிப்பை இருமுறை படித்துக்காட்டினீர்கள். நான் சொல்ல நினைப்பது எண்ணைப் பற்றி. அன்று மேசையில் எனக்கு நேரெதிரில் கடிகாரம் இருந்தது. மூன்று விநாடிக்குள் மீண்டும் பட்டவற்றையெல்லாம் அவள் தனித்தனியாக எண்ணியிருக்கிறாள். இருபத்திரண்டு தவறு, பதினைந்து என்று இருக்க வேண்டும். எட்டு ஆண்டுகள் கூடவே இருந்தும் அவளுக்கு நான் சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை. என் பக்கத்துக் குற்றம் என்று அந்த ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்.