குளத்தின் கிழக்குக் கரை

குளம் வைத்திருப்பது மாடு வைத்திருப்பதைவிட அதிகம் வேலை வாங்கும், ஐயா. வீடு வாங்கிய முதல் மாதமே அது எனக்குத் தெரிந்துவிட்டது. கிருபாவதி டீச்சர் என்றால் மலையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இருபது வருடம் பாடம் நடத்தியவளுக்குப் பாசி வழிக்கத் தெரியாது.

பக்கத்தில் சாமை விதைக்கும் கருப்பன்தான் எல்லாம் சொல்லித்தந்தார். நான் கரையில் குந்தி மணிக்கணக்காகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குச் சிரிப்பு.

"இன்னா டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துப் பசங்க போதாதுன்னு தவளைங்கள மேய்க்கிறீங்களா?"

அவர் சொன்னதில் இரண்டு விஷயங்கள் என் மனதில் தங்கின. ஒன்று, குளத்து வண்டலை யாருக்கும் அள்ளிக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் ஊற்று அடைபட்டுவிடும். வேண்டியவர்தான் இறங்கி அள்ளிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, கரையைச் செங்குத்தாக வெட்டக் கூடாது.

"படிப்படியா வுடணும். படி இல்லாத கர, தண்ணி குடிச்சா படுத்துக்கும்."

என் கணவர் அமலநாதன் இறந்தது எண்பதாம் வருடம் மாசியில். கட்டுவிரியன் கடித்தது. அன்று மலையில் இருந்தது ஒரே ஜீப், கோபால்சாமியுடையது. ஓடிப்போய்க் கேட்டேன். "புளி மூட்ட ஏத்தியாச்சு, டீச்சரம்மா" என்றார். கருப்பனும் இன்னும் மூன்று பேரும் டோலி கட்டித் தூக்கினார்கள். பாதி மலை இறங்குவதற்குள் மூச்சு நின்றது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கோபால்சாமியின் நிலத்தை ஒட்டியிருந்த இந்த வீட்டை வாங்கினேன். வேறு வீடுகளும் விலைக்கு இருந்தன.

கிழக்குக் கரையின் படிகளைத் தினமும் கொஞ்சமாகச் செதுக்கினேன். பார்ப்பதற்குச் சுவர்போல ஒழுங்காக இருந்தது. மேலே சேம்பு நட்டு, நாளுக்குப் பதினைந்து குடம் ஊற்றினேன். கோடையில் சேம்புக்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று கருப்பன் கேட்டார். வாடிவிடுமே என்றேன்.

பங்குனியில் குளத்தை வடித்தேன். கருப்பனுக்கும் மற்றவர்களுக்கும் மேற்குப் பக்கத்தை விட்டேன். கிழக்குக் கரையின் அடியில்தான் நல்ல கறுப்பு வண்டல் இருந்தது. ஊரார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் கோபால்சாமியைக் கூப்பிட்டேன்.

"கருப்பனுக்குக் காட்டாத வண்டல எனக்குக் காட்டுறீங்க. இன்னா விசேஷம்?"

"உங்கள் நிலம்தானே பக்கத்தில் இருக்கிறது."

"அதுவும் சரிதான்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சந்தோஷமாகத்தான் வெட்டினார். கரையின் அடியைக் குடைந்து குடைந்து எடுத்தார்.

பதினொரு மணிக்குக் கரை படுத்தது. பெரிய சத்தமில்லை. நெஞ்சு வரைக்கும் மண். "ஆளக் கூப்புடுங்க" என்றார். ஆள் யாரும் இல்லை. ஆனால் மண்வெட்டி என் பக்கத்திலேயே கிடந்தது. நான் புளியமர நிழலில் உட்கார்ந்தேன். என் கணவர் டோலியில் கிடந்த நேரம் எவ்வளவோ, அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது என்று நினைத்திருந்தேன். கோபால்சாமிக்கு அது புரிந்துவிட்டது.

"அன்னிக்கு நான் திரும்பி வந்தேன்மா" என்றார், விட்டு விட்டு. "மனசு கேக்கல. மூணாவது வளைவுல மூட்டயெல்லாம் ரோட்லயே தள்ளிட்டு வந்தேன். உங்க வூடு பூட்டிக் கெடந்துச்சு. ஒத்தயடிப் பாத வரைக்கும் வந்து ஆரன் மேல ஆரன் அடிச்சேன். உங்களுக்குக் கேக்கலியா?"

நான் மரத்தின் நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு முன்பே அவர் பேச்சு நின்றுவிட்டது.

கரை சரிந்த விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். அது விபத்தாகவே போய்விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கருப்பனையும் விசாரிப்பீர்கள். அன்று ஹாரன் சத்தம் கேட்டதும் டோலியை நிறுத்தி, "ஜீப்பு வந்துட்டுச்சி டீச்சரம்மா, திரும்பிடலாமா?" என்று தான் கேட்டதாக அவர் சொல்லுவார். கேட்டது உண்மைதான். அந்த ஆளின் வண்டியில் என் கணவரை ஏற்ற மாட்டேன், நடங்கள் என்று நான் சொன்னதும் உண்மைதான். ஆனால் அதெல்லாம் இந்த வழக்கில் சேராது, ஐயா. என் கணவரைக் கொன்றவரை நான் கொன்றேன். அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.