மாட்டாத இம்பெல்லர்

குளிர்காலத்தில் இம்பெல்லரைப் பம்புக்குள்ளேயே விட்டுவைப்பது சோம்பேறித்தனம். கடல்நீரை இழுத்து எஞ்சினைச் சூடேறாமல் காப்பது அந்தச் சின்ன ரப்பர்ச் சக்கரம்தான். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் அதன் இதழ்கள் மடங்கியபடியே விறைத்துப்போகும். அதனால் எங்கள் தீவில் படகைக் கரையேற்றியதும் அதைக் கழற்றி எஞ்சின் சாவியில் கட்டித் தொங்கவிடுவோம். சாவியில் ரப்பர் தொங்கினால் எஞ்சினைத் தொடக் கூடாது. தொங்காவிட்டால் மாட்டியாகிவிட்டது என்று அர்த்தம். யாரும் மறுபடி திறந்து பார்ப்பதில்லை.

ஹால்வாரின் படகுக்கு அந்த வேலையை நான்தான் செய்தேன். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். அவருக்கு அது வேடிக்கை. "ஏம்மா இன்ஜினியரு, ரப்பர் மாட்டவா பெர்கன் வரைக்கும் போய்ப் படிச்சே?" என்பார். நானும் சிரித்துவைப்பேன்.

என் அப்பா அவருடைய மீன்பண்ணையில் வேலை பார்த்தவர். தண்ணீர் கசியும் படகு என்று தெரிந்தே ஹால்வார் அவரைக் காற்று நாளில் அனுப்பினார். உடல்கூடக் கிடைக்கவில்லை. விசாரணையில், அவன் குடித்திருந்தான் என்று சொல்லிவிட்டார். அப்பா பீரைக்கூடத் தொட்டதில்லை. அதற்கப்புறம் அம்மா கடைக்குப் போனால் குடிகாரன் பெண்டாட்டி என்றுதான் பார்த்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது உண்மை மட்டும். அவர் வாயால், ஒரே ஒரு தடவை. என் வாக்குமூலத்தில் இதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வசந்தத்தில் அவர் படகைத் தண்ணீரில் இறக்கியதும் சாவியிலிருந்து ரப்பரை அவிழ்த்தேன். மாட்டவில்லை. வெறும் பம்பை மூடித் திருகினேன். சூடேறினால் அடிக்கும் மணியின் கம்பியையும் பிடுங்கிவிட்டேன்.

அவர் வருவார் என்றுதான் நினைத்தேன். அவருக்கு முட்டி வலி. மனைவி போர்ஹில்ட் வந்தார். எதிர்த்தீவுத் தங்கைக்கு உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு எடுத்து வந்திருந்தார். அப்பா போனபோது எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்து கொடுத்தவர் அந்த அம்மாள்தான். சாவியைப் பார்த்தார்.

"ஒண்ணும் தொங்கலையே. மாட்டியாச்சா டோருன்?"

"ஆச்சு. பார்த்துப் போங்க."

கயிற்றை நானே அவிழ்த்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஹால்வார் போனும் கையுமாக நொண்டிக்கொண்டு துறைக்கு ஓடிவந்தார். எஞ்சின் புகைந்து நின்றுவிட்டதாம். நீரோட்டம் படகைப் பாறைப் பக்கம் இழுக்கிறதாம். மீட்புப் படகு வெகு தூரத்தில். மற்றவர்களின் படகுகள் இன்னும் கரையில், தார்ப்பாய்க்குள். தண்ணீரில் மிச்சம் இருந்தது என் படகு ஒன்றுதான்.

"போய் அவளைக் கூட்டிட்டு வா, டோருன்."

"எங்கப்பா குடிச்சிருந்தாரா?"

என்னையே பார்த்தார். இது யார் வேலை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"இல்ல. குடிக்கல. நான் சொன்னது பொய். படகு ஓட்டைன்னு எனக்குத் தெரியும். போதுமா? கிளம்பு தாயி."

கேட்டது கிடைத்துவிட்டது. இனி எனக்கு அவர்கள்மீது எந்தக் குறையும் இல்லை.

"என் படகுக்கு இன்னும் இம்பெல்லர் மாட்டலை" என்றேன்.

அவர் துறைப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வந்துகொண்டிருப்பதாகப் போனில் மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார், மறுமுனை பேச்சை நிறுத்திய பிறகும்.

என் படகு தயாராகத்தான் இருந்தது. அன்று காலையில்தான் ஓட்டிப் பார்த்திருந்தேன்.