கெட்டிமேளம் வேண்டாம்

ஸ்டொவ்னர் போகும் ரயிலில் எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகளின் கழுத்தில் சத்தம் தடுக்கும் ஹெட்போன் தொங்கியது.

"என்ர கலியாணத்துக்குக் கெட்டிமேளம் வேண்டாம்" என்றாள் மகள்.

"தாலி கட்டேக்கை ஆராவது தும்மினாலும் கேட்கக்கூடாது எண்டுதானே பிள்ளை அதை அடிக்கிறது?"

"தும்மலைத் தாங்குவன். மேளத்தைத் தாங்கேலாது அம்மா."

"உனக்கு ஓட்டிசம் எண்டு வாற சனத்துக்கெல்லாம் விளங்கப்படுத்தேலுமே? ஒரு நிமிசம்தானே."

"அக்கான்ர தாலிகட்டு நேரம் நான் வெளியில காருக்குள்ள இருந்தனான். மறந்திட்டியளே?"

"ஓம், இருந்தனீ."

"என்ர தாலிகட்டுக்கும் காருக்குள்ளதான் இருக்கிறதோ?"

தாய் மகளின் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைச் சரிசெய்துவிட்டார்.

"சரி, தடிமன் பிடிச்ச ஆக்களைக் கடைசி வரிசையில இருத்துவம்" என்றார்.