பச்சையிலதான் இருக்குங்க

“போதுங்க இன்ஸ்பெக்டர் மேடம், சர்க்கரை கம்மியாத்தான் போட்டுக்குவேன். எங்க விட்டேன்? அந்தச் சிவப்புக் குமிழ்.”

விமானம் மேலே போகப் போகக் காற்று மெலியும். அதற்கேற்ப எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலையும் குறைக்க வேண்டும். குமிழை வெளியே இழுத்தால் பெட்ரோல் குறையும். அதிகம் இழுத்துவிட்டால் சிலிண்டர் சூடாகிவிடும். உள்ளே தள்ளி, பெட்ரோலைக் கூட்டித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். என் கணவர் லெஸ்லிதான் இதையெல்லாம் சொன்னார்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. மலை தெரியும், எஸ்டேட் ஓடுதளம் தெரியும், சூட்டைக் காட்டும் முள் தெரியாது. இதை வெளியே யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் சின்ன விமானத்தை அவர் ஓட்டுவார்; நான் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துச் சொல்வேன். குன்னூரில் வேறு எந்தக் கணவரும் மனைவி பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க மாட்டார்.

கோவையில் கண் டாக்டரைப் பார்க்கவும் பறந்துதான் போனோம். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். திரும்பும்போது லெஸ்லிக்கு ஒரே குஷி.

“இனிமே உனக்கு லீவு சசி. ஊட்டுல இழுத்துப் போத்திட்டுத் தூங்கு.”

நானும் சிரித்தேன். மலை ஏறத் தொடங்கியதும் குமிழை இழுத்துவிட்டு, “சூடு எப்படி?” என்றார். முள் சிவப்புக் கோட்டில் நின்றது.

“பச்சையிலதான் இருக்குங்க.”

“இன்னும் கொஞ்சம் இழுக்கட்டா?”

“இழுங்க.”

“என்னமோ தட்டுற மாதிரி கேக்குதே?”

“காத்துங்க.”

கண் சரியானால் இன்னும் அதிகம் பறப்பார், அதுவும் தனியாக. எஞ்சின் கெட்டுப்போனால் வீட்டில் இருப்பார். அவருடைய நன்மையைத்தான் நினைத்தேன்.

எஞ்சின் நின்ற விமானம் சத்தம் போடாது. தேயிலைச் சரிவில் இறங்கினோம். ஆயம்மாள் குனிந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். மற்ற பெண்கள் கத்திய பிறகுதான் நிமிர்ந்தார். அவர் பெயரே எனக்கு அப்புறம்தான் தெரியும்.

எனக்கு மணிக்கட்டில் சுளுக்கு. லெஸ்லியின் கண்களில் கண்ணாடிச் சில்லு குத்திவிட்டது. இனி ஆபரேஷனால் பயனில்லை என்கிறார்கள். “நான்தான் அதிகமா இழுத்துட்டேன் சசி, அந்தம்மாவைக் கொன்னுட்டேன்” என்று என் கையைப் பிடித்து அழுதார். நான் மறுக்கவில்லை. அவருக்குக் கஞ்சி ஊட்டினேன்.

முள் சிவப்பில் இருந்தது. தெரிந்தேதான் பச்சை என்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

“ஒண்ணே ஒண்ணுங்க மேடம். இதை அவருக்கு வேற யாரும் படிச்சுக் காட்ட வேண்டாம். அவருக்கு என் குரல்தான் பழக்கம். நானே படிச்சுச் சொல்லட்டுங்களா?”