ஆம்பூரில் இறங்கிய பெண்

காட்பாடியிலிருந்து போன ரயிலில் எனக்கு எதிரே ஒரு புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பக்கத்தில், கக்கத்தில் இடுக்கி நடக்கிற இரண்டு கட்டைகள் சாய்ந்திருந்தன. மேல்பட்டி தாண்டியதும் அவள் சொன்னாள்:

“ஆம்பூர் வந்தா நீங்க மொதல்ல எறங்கி, எனக்கு முதுகக் காட்டிக்கினு நில்லுங்க.”

“இன்னாடி பேச்சு இது? படி எவ்ளோ உசரம்! வுழுந்தா யார் புடிக்கிறது?”

“ஆஸ்பத்திரியில நர்ஸம்மா எதிர்ல நின்னு கூப்ட்டா நடக்கிறேன். நீங்க கைய நீட்டிக்கினு பின்னால வந்தா கால் வெடவெடங்குது. உங்க பயம் என் காலுக்குத் தெரிஞ்சிடுது.”

“பயப்படாம இருக்க முடியுமா? தோல் மண்டியில நீ, தோல ஊறவெக்கிற சுண்ணாம்புத் தண்ணியில வழுக்கி வுழுந்தப்போ, இடுப்பெலும்பு முறிஞ்ச சத்தத்தக் கேட்டவன் நானு. மறுபடியும் முறிஞ்சா ஆபரேசன் பண்ண முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே.”

“அது எனக்கும் தெரியும்.”



ஆம்பூரில் வண்டி நின்றது. அவர் மூட்டையோடும் ஒரு கட்டையோடும் இறங்கி, மனசில்லாமல் திரும்பி நின்றார். அவள் வாசல்படிக்கு வந்து, கீழே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கார்டு விசில் ஊதினார்.

“எறங்கிட்டியா?”

அவர் திரும்பாமலே மறுபடியும் கேட்டார்.

“எறங்கிட்டியாடி?”

அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கட்டையைக் கீழே ஊன்றி, முறிந்த பக்கத்துக் காலை மெல்ல இறக்கினாள். பிறகு அடுத்த காலையும்.

“எறங்கிட்டேன். கொஞ்சம் இருங்க, இப்ப திரும்பாதீங்க.”

சொல்லிவிட்டு, நனைந்திருந்த கன்னத்தை அவசரமாகத் தோளில் துடைத்துக்கொண்டாள்.